ஏசித் தண்ணீரில் திரிந்த கிராஃபீன்

பாம்பு, புயல், நிலநடுக்கம் எல்லாம் இந்த அந்தமான் தீவில் உண்டு. அதற்கெல்லாம் உட்கார்ந்து பயப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. நான் பயந்து செத்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான். எங்கள் ஆய்வுக்கூட அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே என்.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கரைப்பான். பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில் முனையில் இருக்கும் கருப்புக்குப் பெயர் கிராஃபைட். அது ஒற்றைக் கட்டி இல்லை. அப்பளக் கட்டு மாதிரி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடப்பது. அந்தக் கட்டைப் பிரித்து எடுத்த ஒற்றைத் தாள்தான் கிராஃபீன். தூளை ஒரு திரவத்தில் போட்டு, காதுக்கு எட்டாத ஒலியால் மணிக்கணக்கில் உலுக்கினால் தாள்கள் பிரியும். பிரிப்பது பெரிய வித்தை இல்லை. பிரிந்தவை மறுபடி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் திரவத்தில் மிதக்க வைப்பதுதான் வித்தை. என்.எம்.பி. அதை அநாயாசமாகச் செய்யும். அதனால்தான் உலகம் முழுக்க அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நானும் மெயின்லேண்டில், அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியக் கரையில், முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஆடினேன்.

அது தோல் வழியாக உள்ளே போகும். மெல்லிய கையுறையை ஊடுருவும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. 'இதனாலா?' என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிறையப் பேருக்கு ஒரு காரணமும் இல்லாமல் இப்படி ஆகிறது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். இரண்டும் இல்லாததால் அந்தக் கேள்வி என்னோடு கப்பலேறி போர்ட் பிளேர் வரைக்கும் வந்துவிட்டது. ஊருக்கு இப்போது பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு இங்கே கப்பல் டிக்கெட் கவுண்ட்டரில் அரசு வேலை. நாங்கள் குடியிருந்தது மின்னி பே என்ற கரையோரப் பகுதியில். எனக்கு அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட வேலை கிடைத்தது. கிராஃபீன் கலந்த பெயின்ட் தயாரிப்பதுதான் திட்டம். இந்தத் தீவில் இரும்பு என்று எதை வைத்தாலும் உப்புக் காற்று தின்றுவிடும். ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் மட்கார்டு, படகின் அடிப்பாகம், எதுவும் தப்பாது. அந்தத் துருவைத் தடுக்கிற பெயின்ட். நல்ல வேலைதான். அலமாரியைத் திறந்த முதல் நாளே கீழ்த்தட்டில் அந்தப் பழுப்புப் பாட்டிலைப் பார்த்தேன். அலமாரியை உடனே மூடிவிட்டேன்.

எங்கள் தலைவர் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர். குரல் உயர்த்த மாட்டார். என் மாதிரி முன்கோபக்காரிகளை மேய்க்க அப்படி ஒருவர்தான் சரி. வந்த வாரமே அவரிடம் போய் நின்றேன்.

"சார், என்.எம்.பி. வேண்டாம். தண்ணியிலேயே செய்யலாம்."

"தண்ணியா? கிராஃபீனுக்குத் தண்ணியே ஆகாதேம்மா."

"ஆகாதுதான் சார். பித்த உப்பு போட்டா ஆகும்."

மாட்டுப் பித்தத்திலிருந்து எடுக்கிற ஒரு வெள்ளைத் தூள் அது. சோப்பு மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு தாளின் மேலும் ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு மின்னேற்றம் கொடுக்கும். எல்லாத் தாளுக்கும் ஒரே ஏற்றம் என்பதால் ஒன்றை ஒன்று கிட்டே சேர்க்காது. அவ்வளவுதான் சூத்திரம். கையில் பட்டால் கழுவிக்கொண்டு போகலாம். சார் அரை மனதோடு தலையாட்டினார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மெயின்லேண்டிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும்போது, திரவம் படியாமல் நிற்கிறது என்று காட்டியாக வேண்டும். நிற்காவிட்டால் பழைய வழிக்கே திரும்ப வேண்டும். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

மழைக்காலம் முழுக்க முட்டி மோதி, ஜனவரி வாக்கில் திரவம் சரியாக வந்துவிட்டது. கடுங்காப்பி நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் லேசான சாம்பல் மினுக்கோடு. ஒரு வாரம் வைத்தோம், படியவில்லை. ஒரு மாதம் வைத்தோம், படியவில்லை. எங்களோடு ஆய்வு மாணவியாக இருந்த திக்லிபூர் பெண் பாட்டிலுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். அவள் வடக்கு அந்தமானில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்த தமிழ்ப் பெண். போன தீபாவளிக்குத்தான் கல்யாணமாகியிருந்தது. புருஷன் ஊரில் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் இங்கே ஹாஸ்டலில். என்ன சொன்னாலும் "அச்சா அக்கா" என்று ஓடுகிற சுபாவம்.

மார்ச்சில் எனக்கு நாள் தள்ளிப்போனது. பரிசோதித்துப் பார்த்ததில் உறுதியானது.

சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. சந்தோஷம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பயம் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. பரமக்குடியிலிருந்து மாமியார் போனில் கட்டளை போட்டார்.

"மூணு மாசம் முடியிற மட்டும் யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. போன தடவ ஊரெல்லாம் சொல்லித்தான் கண்ணு பட்டுப்போச்சு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. பேசாமல் இருந்தேன். தண்ணீர் வழி கைகொடுக்கிறது, அந்தப் பாட்டிலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் கைவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம்.

ஏப்ரலில் தண்ணீர் கைவிட்டது.

இங்கே கோடை வந்தால் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதையும் சின்டெக்ஸில் பிடித்து, குளிப்பதற்கும் குடிப்பதற்கும் பங்கு போட்டு வாழ்கிற ஊர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் கருவி ஒன்று இருந்தது; கிராஃபீனுக்கு அதுவரை அதில் வடித்த தண்ணீர்தான். ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீர் வடிக்க, அதைக் குளிரவைக்கிற குழாய்த் தண்ணீர் வாளி வாளியாக ஓடும். கக்கூஸுக்கே தண்ணீர் இல்லாதபோது அதை ஓட்ட முடியுமா? நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு மாற்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏசித் தண்ணீர். எந்த ஆபீஸ், எந்த வீடு என்றாலும் ஏசியிலிருந்து சொட்டுகிற குழாய்க்குக் கீழே ஒரு கேன் இருக்கும். அதில் தரை துடைப்பார்கள், செடிக்கு ஊற்றுவார்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவார்கள். கடற்காற்றில் ஈரம் அவ்வளவு இருப்பதால் ஒரு பகலில் கேன் நிரம்பிவிடும். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர், விசாகப்பட்டினத்திலிருந்து அந்தக் காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பத்துக்காரர், கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"மேடம், ஏசி பானி தோ டிஸ்டில்டு ஹி ஹை நா? காத்துலேர்ந்து வர்ற தண்ணி, வடிச்ச தண்ணி மாதிரிதான்."

நியாயமாகத்தான் பட்டது. காற்றிலிருக்கும் ஆவி குளிர்ந்து சொட்டுகிறது. காய்ச்சி வடித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான், சார், திக்லிபூர் பெண், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் எங்கள் இன்வெர்ட்டரே அதைக் குடித்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குழுவுக்குக் காட்டப் புதிதாகத் தயாரித்த பாட்டில்கள் அன்று மாலை நன்றாகத்தான் இருந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கருப்புக் கட்டிகள். பால் திரிந்த மாதிரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான். குழு வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

மறுபடி செய்தோம். மறுபடி திரிந்தது.

எனக்கு உடனே தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பித்த உப்பு பிடித்துவைத்திருக்கும் மின்னேற்றத்தை, தண்ணீரில் உப்போ உலோகமோ கலந்திருந்தால் கெடுத்துவிடும். சரி, வேறு தண்ணீரில் செய்து பார்ப்போம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரிக் கடைக்குப் போய், சீல் வைத்த கேனில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தேன். கடைக்காரர் சிவகங்கைப் பக்கத்து ஆள். "ஒரிஜினல் தங்கச்சி, கண்ண மூடிட்டு ஊத்துங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினேன்.

அதுவும் திரிந்தது.

ஆக, தண்ணீர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு யார்? பித்த உப்பு டப்பாவில் ஈரம் ஏறிவிட்டதா? கிராஃபைட் தூள் கெட்டுவிட்டதா? உலுக்கும் கருவியா? என் கையா? அந்த மூன்று நாளும் நான் மனுஷியாக இல்லை. வாந்தி ஒரு பக்கம், அதை யாரும் பார்த்துவிடாமல் மறைக்கிற பாடு ஒரு பக்கம். ஒவ்வொரு பாட்டிலும் திரியத் திரிய, என் அடிவயிற்றிலும் ஏதோ திரிகிற மாதிரி ஒரு நினைப்பு. அறிவியல் படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படித்தவள் கண்ணுக்கும்தான்.

நான் பயந்த வார்த்தையைச் சார் அன்று சாயங்காலம் சொன்னார்.

"வேற வழி இல்லம்மா. நாளைக்கு என்.எம்.பி.லயே போட்டுருவோம். ஜன்னலைத் திறந்துவச்சிக்கலாம்."

ஜன்னலைத் திறந்துவைப்பது எதற்கென்றால், அபாயமான திரவங்களைத் திறக்கிற கண்ணாடிப் பெட்டியில் நெடியை வெளியே இழுக்கும் காற்றாடியின் மோட்டார் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. புது மோட்டார் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். எந்தக் கப்பல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. துருவைத் தடுக்கிற பெயின்ட் தயாரிக்கிற இடத்தின் லட்சணம் இது.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. மாமியாரின் குரல் காதில் கேட்டது. போன தடவை நாங்களே ஊரெல்லாம் சொன்னதும், பிறகு ஒவ்வொருவரிடமும் 'இல்லை, கலைந்துவிட்டது' என்று சொல்ல வேண்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது. கண் படுவதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

"நாளைக்குக் காலைல எனக்கு ஒரு வேலை இருக்கு சார். பதினோரு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் திறக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். சார் சரி என்றார். வேலை என்றது முதல் ஸ்கேன்.

வீட்டில் சண்டை. "லீவு போட்டுடு. உடம்பு சரியில்லைன்னு சொல்லு. முடிஞ்சுது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாழ்க்கையில் எல்லாமே 'முடிஞ்சுது'தான். கப்பல் ரத்தானாலும் கவுண்ட்டரை மூடிவிட்டு வந்துவிடுவார்.

"நான் லீவு போட்டா யாருங்க செய்வா?"

"யாராச்சும் செய்வாங்க. உனக்கென்ன?"

யாராவது என்றால் யார்? சாருக்குக் கை நடுக்கம், நுணுக்கமான வேலை செய்ய மாட்டார். உதவியாளருக்கு இந்த வேலை தெரியாது. மிச்சம் இருப்பது திக்லிபூர் பெண்தான். அதை யோசித்தும், எனக்கு என்ன வழி என்று தெரியவில்லை. காலையில் எப்படியாவது ஏதாவது சொல்லித் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பெயர் முடிவு இல்லை என்று எனக்கே தெரியும்.

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. இதயம் துடிக்கிறது என்றார்கள். வெளியே வந்து ஆட்டோவுக்காக நிற்கிறேன். எதிரே அதே பேட்டரிக் கடை. கடைக்கும் பக்கத்து ஏடிஎம்முக்கும் நடுவில் ஒரு சந்து. சந்துக்குள் ஏடிஎம் ஏசியிலிருந்து ஒரு பச்சைக் குழாய் இறங்குகிறது. குழாய்க்குக் கீழே நீலக் கேன். கடைக்காரர் நிரம்பிய கேனை எடுத்துவிட்டுக் காலிக் கேனை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"அண்ணே, இதுதான் அன்னைக்கு எனக்குக் கொடுத்த தண்ணியா?"

"பின்ன? இருபத்துநாலு மணி நேரமும் ஓடுற ஏசி தங்கச்சி. ஃபர்ஸ்ட் கிளாஸ் தண்ணி. மெயின்லேண்டு கேன் வந்து ரெண்டு மாசமாச்சு, கப்பலே இல்ல. சீல் நம்மளே வச்சுக்கறதுதான்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். சந்தேகப்பட்ட தண்ணீரையே இன்னொரு கடையில் விலை கொடுத்து வாங்கி, அதை வைத்துப் பழைய தண்ணீருக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஏசியின் தகடுகளில் கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு, அது அரித்த அலுமினியம், செம்பு, எல்லாம் கரைந்து சொட்டுகிற தண்ணீர் அது. பேட்டரி பொறுத்துக்கொள்ளும். என் தாள்கள் பொறுக்காது.

குற்றவாளி கிடைத்துவிட்டான். இனி அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். சாருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திக்லிபூர் பெண்ணுக்குச் செய்தேன். அவளும் எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையுறை போட்டிருந்தால் போன் எடுக்க முடியாது.

ஆட்டோக்காரரை விரட்டி விரட்டிப் போய்ச் சேர்ந்தேன். மாடிப்படியிலேயே ஒரு நெடி. என்.எம்.பி.க்கு லேசான மீன் நெடி உண்டு. கரையில் கருவாடு காய்கிற ஊரில் அதை யார் கவனிப்பார்கள்? நான் கவனிப்பேன். தூக்கத்தில் வந்தாலும் கண்டுபிடிப்பேன்.

கதவைத் தள்ளினால், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். மெல்லிய நீலக் கையுறை. பாட்டிலின் மூடி மேசையில். குடுவையில் பாதி வரை ஊற்றியிருக்கிறாள்.

"பந்த் கரோ! மூடு! கீழ வை!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் குடுவையைக் கீழே வைத்தாள். நானே போய்க் குடுவையை மூடினேன், பாட்டிலை மூடினேன், அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். கையுறையைக் கழற்றவைத்து, குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவள் கையில் ஊற்றினேன். உதவியாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். சத்தம் கேட்டுச் சார் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? அந்தப் பொண்ணுதான் நானே ஆரம்பிச்சிடறேன் சார், அக்காவுக்கு வேலை குறையும்னு கேட்டுச்சு. இதுக்கு ஏன் இந்தக் கத்து?"

"தண்ணி சார்! ஏசித் தண்ணியாலதான் திரிஞ்சுது! கடைல வாங்குனதும் ஏசித் தண்ணி!"

"சரி, அதைச் சொல்றதுக்கு எதுக்கு இப்படி..."

"நான் முழுகாம இருக்கேன் சார்!"

வராந்தா முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம், கண்ணு, மூச்சு விடாதே, எல்லாம் போயிற்று. வெட்கம் இல்லை. இவ்வளவு நாள் அடக்கியதுதான் இப்படிக் கத்தலாக வெளியே வந்தது.

சாரின் முகம் இளகிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இதை முன்னாலயே சொல்லக்கூடாதாம்மா? உன்னை அதுக்குப் பக்கத்துல விட்டிருப்பேனா? முதல்லயே இந்தப் பொண்ணைத்தானே செய்யச் சொல்லியிருப்பேன்."

நல்ல மனுஷர். அன்போடுதான் சொன்னார். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஈரக் கைகளைத் துடைக்காமல் முன்னால் நீட்டியபடியே நின்றிருந்தாள்.

சார் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எத்தனை நாள் தள்ளிப்போனா கணக்கு?"

"உனக்கா?" என்றேன்.

"எங்க அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். இப்பவே யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. டெஸ்ட்கூட பண்ணலை. பண்ணினா ஹாஸ்டல்ல தெரிஞ்சுடும்ல." பிறகு, "நேத்தும் திறந்தேன் அக்கா. நீங்க போனப்பறம். எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்க்கச் சொன்னாரு சார். தோடா ஸா, கொஞ்சமா, கையில பட்டுச்சு. கழுவிட்டேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் "தெரியலைம்மா" என்றேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. வடிக்கும் கருவிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டாரை உதவியாளர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். வடித்த தண்ணீரில் தாள்கள் திரியாமல் நின்றன. குழு வந்தது, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, இரண்டு கேள்வி கேட்டது, டீ குடித்தது, விமானத்தைப் பிடிக்கப் போய்விட்டது. திட்டம் பிழைத்தது. பழுப்புப் பாட்டிலை அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டி மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பும்வரை நான் சாரை நிம்மதியாக விடவில்லை. மாமியார் மட்டும், 'வராந்தாவுல நின்னு தம்பட்டம் அடிச்சிட்டியாமே' என்று இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

திக்லிபூர் பெண்ணுக்கும் உறுதியானது. அவள் புருஷனால் வர முடியவில்லை. சாலை வழியாக வந்தால் ஒரு முழுப் பகல், கப்பலுக்கோ டிக்கெட் இல்லை. முதல் ஸ்கேனுக்கு நான்தான் கூடப் போனேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். அவள் என் கையை விடாததால் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா வங்காளி, நிதானமான பெண்மணி. திரையைத் திருப்பிக் காட்டி ஒலியைக் கூட்டினார். படபடவென்று ஒரு சின்னச் சத்தம் அறை முழுக்க ஓடியது.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரைப்பானின் பெயர், எந்தக் கையில் பட்டது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது, ஒன்று விடாமல். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவளிடம் திரும்பி, "அபி தோ சப் டீக் ஹை பேட்டி" என்றார்.

"இப்போதைக்கு எல்லாம் நல்லா இருக்காம் அக்கா" என்று எனக்கு இந்தி தெரியாத மாதிரி அவள் தமிழில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவையைச் சரிசெய்தாள். நான் மட்டும் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த 'இப்போதைக்கு'க்கு மேல் அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.